முட்டிவரை வரும் நீச்சல் உடை: எல்லாம் சரி, தோள்பட்டை மட்டும் சரியில்லை

நான் போடும் நீச்சல் காஸ்ட்யூம் இப்போது பாதி விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. சில வருஷங்களாகக் குளோரின் தண்ணீரில் இந்த உடையோடுதான் இருக்கிறேன். அதன் மேல் மரியாதை உண்டு, கோபமும் உண்டு. கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அரைமணி நேரம் நீந்திவிட்டு வந்து கழற்றினால் இரண்டு தோளிலும் சிவப்பாகத் தடம் பதிந்திருக்கும். பட்டை மேலே இழுக்க இழுக்க, கீழே கால் இடுக்கில் துணி வெட்டும். மார்பு, இடுப்பு, சீட் மூன்றும் கச்சிதமாகப் பொருந்துகிற சைஸிலேயே இந்த நிலைமை. ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் தோள் சரியாகிவிடும். ஆனால் மார்புப் பக்கம் தொளதொளத்துத் தண்ணீர் உள்ளே புகுந்து தேங்கும். சுவரை உதைத்துக் கிளம்பும்போதெல்லாம் அது பின்னால் இழுக்கும்.

ஒற்றைத் துண்டு நீச்சல் உடைக்கு முதலில் எடுக்க வேண்டிய அளவு, உடம்பின் நீளச் சுற்று. தோளின் நடுவில் டேப்பை வைத்து, மார்பின் மேலாக இறக்கி, கால்களுக்கு நடுவே கொண்டுபோய், முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டுவர வேண்டும். கூட ஓர் ஆள் இருந்தால் சுலபம். எனக்கு 64 அங்குலம். என்னைவிட உயரமான என் தங்கைக்கு 61தான். அவள் உயரமெல்லாம் காலில் இருக்கிறது. ஆகவே ஆளின் உயரத்தை வைத்து இதை ஊகிக்கவே முடியாது. சில வெளிநாட்டு நிறுவனங்கள் அளவு அட்டவணையில் இதையும் போடுகின்றன. நான் இங்கே வாங்கியவற்றில் எஸ், எம், எல் என்ற எழுத்து இருக்கும், மிஞ்சினால் மார்புச் சுற்றளவு இருக்கும். ஆப்பிள், பேரிக்காய் என்று பெண்களின் உடம்புக்குப் பழத்தின் பெயர் வைத்து ஆலோசனை சொல்கிறவர்களும் இந்த அளவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. உடையில் இந்த அளவு குறைவாக இருந்தால் தோள் வலிக்கும், கூடுதலாக இருந்தால் வயிற்றில் துணி மடிப்பு மடிப்பாகச் சுருண்டு நிற்கும். அப்படி நிற்கிற உடை எந்த உடம்புக்கும் அழகாக இருக்காது.

பட்டையில் கூட்டிக் குறைக்கும் வளையம் இருந்தால் தீர்ந்தது. இதில் பட்டையை நிரந்தரமாகத் தைத்தே விற்கிறார்கள். போன மாதம் பொறுமை போய்த் தையல்காரரிடம் கொடுத்தேன். தோள் தையலைப் பிரித்து, பழைய காஸ்ட்யூமிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டுப் போட்டுத் தந்தார். நேர்த்தையல். வீட்டில் மாட்டி இழுத்த உடனே நூல் படபடவென்று அறுந்தது. துணி நீள்கிறது, நேர்த்தையல் நூல் நீளவில்லை. அப்புறம், சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஜிக்ஜாக் அடித்துத் தரும் அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் துணியை இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பார்த்தார். "இதுக்கு நெருக்கமா ஜிக்ஜாக்தான் நிக்கும்மா, பாலியஸ்டர் நூல்ல போட்டுடறேன்" என்றார். ஒவ்வொரு தோளுக்கும் ஒன்றரை அங்குலம் கூட்டினார். 80 ரூபாய் வாங்கினார். இப்போது கையைத் தலைக்கு மேல் தூக்கினால் எங்கேயும் இழுப்பு இல்லை. ஒரு சின்னக் கடையில் பத்து நிமிஷத்தில் நடந்த வேலையை இவ்வளவு பெரிய கம்பெனி ஏன் செய்யவில்லை என்று நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். இதன் துணி பாலியஸ்டரும், பிபிடி என்கிற நீண்டு சுருங்கும் பாலியஸ்டர் வகையும் கலந்தது. நைலானும், ரப்பர் மாதிரி நீளும் லைக்ரா இழையும் கலந்த உடை தொட்டால் மிருதுவாக இருக்கும், போட்டால் அழகாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் குளோரின் லைக்ராவை அரித்துவிடும். முதலில் சீட் பக்கம் தொய்யும், பிறகு துணி மெலிந்து வெளிச்சத்தில் உள்ளே தெரிய ஆரம்பிக்கும். என் முந்தைய உடை ஒரு கோடையோடு போய்விட்டது. இது இத்தனை காலத்தில் கறுப்பு கொஞ்சம் வெளுத்ததோடு சரி. நீந்தி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பிழியாமல் நிழலில் காயப்போடுகிறேன்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம், கால். தொடைகள் உரசிச் சிவந்து, மறுநாள் சுடிதார் பட்டாலே எரிகிற வேதனை பருமனான பெண்களுக்குத் தெரியும். முட்டிவரை துணி வந்ததும் அது அடியோடு நின்றது. ஓரத்தில் இறுக்கமான எலாஸ்டிக் வைக்காமல் அகலமாக மடித்துத் தைத்திருக்கிறார்கள், அதனால் சதை பிதுங்குவதில்லை. இந்த நீளத்தைப் பார்த்துக் கூச்ச சுபாவம் என்று நினைப்பவர்கள் உண்டு. 2010 முதல் சர்வதேசப் போட்டி விதியே பெண்களுக்குத் தோளிலிருந்து முட்டிவரை அனுமதிக்கிறது. ஒலிம்பிக் வீராங்கனைகளில் பலரும் முட்டி வரைதான் போடுகிறார்கள்.

மற்ற உடல்வாகுக்கு இது பொருந்துமா? என்னிடம் கேட்டவர்களில் ஒருத்திக்கு இடுப்பு அகலம், மேலுடம்பு ஒல்லி. இடுப்புக்காக எக்ஸெல் எடுத்தால் மார்பில் தொங்கும். மேலே எம், கீழே எக்ஸெல் என்று தனித்தனியாக எடுக்கக்கூடிய நீள டாப்பும் ஷார்ட்ஸும்தான் அவளுக்குச் சரி. டாப்பின் கீழ் ஓரத்தில் இறுக்கிக் கட்ட நாடா இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன், இல்லையென்றால் குதித்ததும் மேலே ஏறிவிடும். மார்பு கனமானவர்களுக்கு அகலப் பட்டையும் மார்புக்குக் கீழே உறுதியான எலாஸ்டிக்கும் வேண்டும். முதுகு நடுவில் பட்டைகள் சேருகிற மாடல் பாரத்தையெல்லாம் கழுத்தருகே ஏற்றிவிடுகிறது. வயிறு இருப்பவர்களுக்கு முன்பக்கம் குறுக்கே சுருக்கு வைத்த மாடல் அழகு. வயிற்றை அமுக்குகிற மாடலை நான் வேண்டாம் என்பேன், அதில் மூச்சை இழுத்து நீந்த முடியாது. ஃபிராக் மாடலும் எனக்குப் பிடிக்காது: எதை மறைக்க வாங்குகிறார்களோ, தண்ணீருக்குள் அதை விட்டுவிட்டுப் பாவாடை இடுப்புக்கு மேலே மிதக்கும்.

எதை எடுத்தாலும் காய்ந்த உடம்பில் சற்று இறுக்கமாகவே இருக்கட்டும், ஈரத்தில் தளரும். போட்டுப் பார்க்கும்போது கையைத் தூக்குங்கள், குனியுங்கள், குத்துக்காலிட்டு உட்காருங்கள். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் போக வேண்டும்.

மதிப்பெண் கேட்டால் துணிக்கும் காலுக்கும் ஐந்துக்கு ஐந்து. ஆனாலும் வாங்கச் சொல்ல மாட்டேன், பாதி விலையில் கூட. பட்டையில் ஒரு வளையம் வைக்கும் வரைக்கும் இதை யாருக்கும் சிபாரிசு செய்ய எனக்கு மனசு வரவில்லை. எனக்கு மட்டும் இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறேன். பெட்டி வந்ததும் நேரே ஜிக்ஜாக் அக்காவிடம் கொடுத்துவிடுவேன்.