பக்கவாதத்துக்குப் பின் தமிழில் பேச்சுப் பயிற்சி: அல்சூர் மையம் ஒன்றின் மதிப்பீடு

மூளையின் இடப்பக்கத்தைத் தாக்கிய பக்கவாதத்தால் பேச்சை இழந்த என் அப்பாவுக்குக் கடந்த ஆண்டு முதல் பெங்களூரு அல்சூரில் உள்ள ஒரு சிறிய தனியார் மையத்தில் ஸ்பீச் தெரபி நடந்து வருகிறது. நகரில் இத்தகைய மையங்களுக்குக் குறைவில்லை. வீட்டில் தமிழ் மட்டுமே பேசிப் பழகிய முதியவருக்குத் தமிழிலேயே பயிற்சி தரும் இடம்தான் அரிது. அந்த ஒரு காரணத்துக்காகவே, குறைகள் இருந்தபோதிலும், இம்மையத்தை நான் பரிந்துரைக்கிறேன்.

அப்பாவுக்கு வந்திருப்பது அஃபேசியா. நாக்கும் உதடும் தடையின்றி அசைகின்றன. பிறர் பேசுவது பெருமளவு புரிகிறது. ஆனால் சொல்ல நினைக்கும் சொல் வாய்க்கு வருவதில்லை. பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861-இல் விவரித்த பேச்சிழப்பும் இத்தகையதே. முன்பு நாங்கள் சென்ற வேறொரு மையத்தில் ஊதல் ஊதுவது, மெழுகுவர்த்தியை அணைப்பது, நாக்கை நீட்டி மடக்குவது என்றே அமர்வுகள் கழிந்தன. தசைத் தளர்ச்சியால் குழறும் பேச்சுக்கே இப்பயிற்சிகளின் பயன் ஐயத்துக்குரியது. சொல்லைத் தேடித் தவிப்பவருக்கு இவற்றால் என்ன கிடைக்கும்?

அல்சூர் மையத்தின் தெரபிஸ்ட் முதல் அமர்வில் பெரும்பாலான நேரம் அம்மாவிடம்தான் பேசினார். அப்பா நாள்தோறும் எதைக் கேட்பார், யாரை எப்படி அழைப்பார் என்று விசாரித்து, காபி, கண்ணாடி, மாத்திரை, பென்ஷன், பேரனின் பெயர் என ஒரு சொற்பட்டியல் தயாரித்தார். அச்சிட்ட படங்களுக்குப் பதிலாக எங்கள் வீட்டுப் பொருள்களையே படமெடுத்து வரச் சொன்னார். சொல் வராதபோது உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. முதலில் அப்பொருள் எதற்குப் பயன்படும் என்று கேட்கிறார், பிறகு "காலைல சூடா ஒரு டம்ளர்..." என்று வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துகிறார், அதற்கும் வராவிட்டால் "கா" என்று முதல் ஒலியை மட்டும் தருகிறார், கடைசியில்தான் இருவரும் சேர்ந்து சொல்கிறார்கள். பேச்சு நின்றுபோனவர்கள் பலரால் பழகிய பாட்டைப் பாட முடியும் என்பதை அடிப்படையாகக் கொண்டு, 1970-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் உருவான மெலடிக் இன்டோனேஷன் தெரபியையும் அவர் கையாள்கிறார். "தண்ணி வேணும்" என்பதை ஏற்ற இறக்கத்தோடு இழுத்துப் பாடியபடி, ஒவ்வோர் அசைக்கும் அப்பாவின் இடக்கையை மேசையில் மெல்லத் தட்டச் செய்கிறார். வீட்டில் பேசும் தமிழையே பயிற்றுவிப்பது அவருடைய முறையின் பெரிய பலம். "தண்ணீர் வேண்டும்" என்று ஒரு நாளும் சொல்லச் சொன்னதில்லை.

அப்பா இப்போது இரண்டு சொற்களைச் சேர்த்துத் தேவையானதைக் கேட்கிறார். நீண்ட வாக்கியம் இன்னும் வரவில்லை. அதை இத்தனை நாளில் கொண்டுவந்துவிடலாம் என்று அந்தத் தெரபிஸ்ட் எங்களுக்கு வாக்களிக்கவும் இல்லை. பதில் வரும்வரை பொறுத்திருக்கவும், ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்விகளைக் கேட்கவும் அவர் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்ததால் வீட்டில் அப்பாவின் கோபம் வெகுவாகத் தணிந்திருக்கிறது. எனக்கு இதுவே பெரிய பயனாகத் தெரிகிறது.

குறைகளில் முதன்மையானது இடம். மையம் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களில் பலருக்கு வலக்காலும் வலுவிழந்திருக்கும் என்று அறிந்தவர்கள் இதைச் சரிசெய்யாமல் இருப்பது ஏற்கத்தக்கதன்று. தமிழ் அறிந்த தெரபிஸ்ட் ஒருவரே என்பதால், அவர் விடுப்பில் செல்லும் நாள்களில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும் அமர்வு அப்பாவுக்கு ஏறக்குறைய வீண். படிக்கவும் எழுதவும் தரும் தாள்களும் தமிழில் இல்லை. நாங்களே எழுதிக் கொடுக்கிறோம்.

முக்கால் மணி நேர அமர்வுக்கு 800 ரூபாய் வாங்குகிறார்கள். வாரத்தில் பல நாள் வர வேண்டிய சிகிச்சைக்கு இது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அத்தகையோர் ஓசூர் சாலையில் உள்ள, மத்திய அரசின் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் பேச்சு மற்றும் செவித்திறன் துறையை முதலில் அணுகலாம். எந்தத் தனியார் மையத்தில் சேர்வதாக இருந்தாலும், தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டு, பதிவு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அஃபேசியாவால் வரும் நிரந்தரப் பேச்சுக் குறைபாடு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது; எனவே மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது குறித்தும் மருத்துவரிடம் கேளுங்கள்.