கிளட்ச் உள்ள ஆர்டி: சென்னைச் சாலைகளில் சில மழைக்காலங்களுக்குப் பிறகு

சைக்கிள் செயின் ஃப்ரேமில் அடிக்கிற சத்தத்தை ஒழிக்க ஆர்டியை, அதாவது பின்சக்கரத்தில் கியர் மாற்றும் ரியர் டீரெயிலரை, மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக மாற்றலாம், செயின் துள்ளாமல் பிடிக்கும் கிளட்ச் உள்ளதாக இருந்தால். கிளட்ச் இல்லாததைக் கழற்றிவிட்டு, அதைவிட விலை கூடிய, ஆனால் கிளட்ச் இல்லாத இன்னொன்றை மாட்டினால் கியர் நயமாக விழும், சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். ஷிமானோ டியோர் எம்6000 என்கிற பத்து ஸ்பீடு (பின்னால் பத்து பல்சக்கரம்) ஆர்டியை, அதிலும் நடுத்தர நீளத்தில் கேஜ் (செயினை இழுத்துப் பிடிக்கும் கை) உள்ள ஜிஎஸ் மாடலை, சில வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மழை, உப்புக்காற்று, தூசி எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. வாங்கிய கையோடு எழுதியிருந்தால் வெறும் புகழ்ச்சியாக இருந்திருக்கும். இப்போது அதன் தொல்லைகளையும் சேர்த்துச் சொல்லலாம்.

என் வண்டி அலுமினிய ஃப்ரேம் ஹைப்ரிட், 38 மில்லிமீட்டர் டயர். வார நாட்களில் திருவான்மியூரிலிருந்து ஓஎம்ஆர் வழியாக சோழிங்கநல்லூரில் ஆபீஸ். ஞாயிறு காலையில் ஈசிஆரில் முட்டுக்காடு, கோவளம். சீக்கிரம் எழுந்தால் மாமல்லபுரம். எப்போதாவது ஏலகிரி. ஈசிஆரின் நல்ல தாரில் எந்த ஆர்டியும் சத்தம் போடாது. பாடு படுத்துவது ஊருக்குள் இருக்கும் சாலைகள்தான். மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட பாதைகள், குழாய் பதித்து மூடிய பள்ளங்கள், அடுத்தடுத்து வரும் வெள்ளைப் பட்டை வேகத்தடைகள். இதில் எல்லாவற்றையும் மிஞ்சுவது, புதுத் தார் போடுவதற்கு முன் பழைய தாரை மெஷினால் சுரண்டி வரிவரியாக விட்டிருக்கும் சாலை. சில இடங்களில் சுரண்டிய பிறகு புதுத் தார் வர நாளாகும். அதன் மேல் போனால், பின்சக்கரத்துக்குப் போகும் ஃப்ரேம் குழாயான செயின் ஸ்டேயில் செயின் விடாமல் சடசடவென்று அடிக்கும். உள்ளே வெற்றாக இருக்கிற அலுமினியக் குழாய் அந்தச் சத்தத்தை இன்னும் பெரிதாக்கிக் காட்டும். பெயின்ட் உதிர்ந்து உலோகம் தெரிய ஆரம்பித்ததும்தான் இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று இறங்கினேன்.

என்னதான் நடக்கிறது என்று பார்க்க, நண்பர் ஒருவர் பக்கத்தில் பைக்கில் வந்தபடி போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துக் கொடுத்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது. சக்கரம் குலுங்கும்போது கீழ்ப்பக்கச் செயின் துள்ளி, ஜாக்கி வீல்கள் எனும் இரண்டு சின்னப் பல்சக்கரங்களைத் தாங்கும் கேஜை முன்னால் இழுக்கிறது. கேஜ் ஊஞ்சல் மாதிரி முன்னே போய்த் திரும்புகிறது. அது முன்னே போகிற நொடியில் மேல்பக்கச் செயின் தொய்ந்து, ஸ்டேயில் அடித்துவிட்டு எழுகிறது. கேஜைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. ஆனால் அது செயினை இறுக்கமாக வைத்திருக்கும் அளவுக்குத்தான் பலமுள்ளது. குலுக்கலைத் தாங்குவது அதன் வேலை இல்லை.

கிளட்ச் செய்வது அந்த வேலையை. கேஜின் அச்சில் ஒருவழி ரோலர் பேரிங்கும், அதைச் சுற்றி இறுகப் பிடிக்கும் உலோகப் பட்டையும் இருக்கும். தொய்வை எடுக்க கேஜ் பின்னால் போகும்போது தடையே இல்லை. முன்னால் போக வேண்டுமானால் பட்டையின் உராய்வை மீற வேண்டும். சாலைக் குலுக்கலுக்கு அந்த பலம் கிடையாது. ஷிமானோ இதை ஷேடோ பிளஸ் என்ற பெயரில் 2011-ல் எக்ஸ்டிஆர் வரிசையில் கொண்டுவந்தது. போட்டி நிறுவனமான ஸ்ராம் அடுத்த வருஷமே டைப் 2 என்று கொடுத்தது. முதலில் மலைப்பாதை வண்டிகளுக்குத்தான். ரோடு பைக் பக்கம் 2018-ல் அல்டெக்ரா ஆர்எக்ஸ், 2019-ல் ஜிஆர்எக்ஸ் என்று மெதுவாக வந்து சேர்ந்தது.

ஆர்டிக்குக் காசு போடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, செயின் நீளம். தேவைக்கு மேல் இரண்டு லிங்க் இருந்தாலே கேஜ் தளர்ந்து தொங்கும். முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம், ஆர்டிக்குள் நுழைக்காமல் செயினைச் சுற்றிப் பார்த்து, கையேட்டில் சொன்ன லிங்க் மட்டும் கூட்டி வெட்டினால் போதும். இரண்டாவது, முன்னால் இரண்டு பல்சக்கரம் இருந்தால், மோசமான சாலை வரும்போது பெரியதில் ஓட்டுங்கள். செயின் இழுபட்டு நிற்கும், பாதிச் சத்தம் அங்கேயே போய்விடும். இதோடு பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டி ஸ்டேயில் இறுக்கிச் சுற்றிவிட்டால் பெயின்ட் தப்பிக்கும். அடி விழுவது நிற்காது, சத்தம் மட்டும் அமுங்கும். ஆபீஸ் போய்வர மட்டும் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். எனக்குப் போதவில்லை. சுரண்டிய சாலையில் செயின் கழன்று விழுவதும், கை வைக்காமலே கியர் தாவுவதும் தொடர்ந்தது.

தேர்வு செய்வதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முதல் பொறி அந்தப் பெயர். ‘ஷேடோ’ என்றால் ஆர்டியின் உடல் ஃப்ரேமை ஒட்டி உள்ளடங்கி இருக்கும், அவ்வளவுதான். ‘ஷேடோ பிளஸ்’ என்றால்தான் கிளட்ச். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில், “அண்ணே, பெட்டியிலேயே ஷேடோன்னு போட்டிருக்கு பாருங்க, கிளட்ச் கண்டிப்பா இருக்கும்ணே” என்று ஒரு தம்பி உறுதியாகச் சொன்னார். ஆர்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கேஜ் சுழலும் இடத்துக்கு மேல், மடக்கி நிமிர்த்தும் ஒரு சின்ன நெம்புகோல் இருக்க வேண்டும். அதில் அது இல்லை. நெம்புகோல் இருந்தால் அதை ஆன் செய்து கேஜை விரலால் முன்னால் தள்ளிப் பாருங்கள். பிறகு ஆஃப் செய்து தள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்கே தெரியும். ஷிமானோவின் ஆல்டஸ், அசெரா, அலிவியோ வரிசைகளில் தேடிப் பயனில்லை. 2023-ல் வந்த கியூஸ் வரிசையில் கிளட்ச் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. அதனால் பெட்டியைப் படிப்பதைவிட நெம்புகோலைத் தேடுவது நல்லது.

அடுத்தது ஸ்பீடு. என் வண்டி ஒன்பது ஸ்பீடு. ஷிமானோவின் ஒன்பது ஸ்பீடு ஷிஃப்டர் (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் விசை) ஒரு கிளிக்குக்கு இழுக்கும் கேபிள் அளவும், டியோர் பத்து ஸ்பீடு ஆர்டி எதிர்பார்க்கும் அளவும் வேறு வேறு. ஆர்டியை மட்டும் வாங்கி மாட்டினால் கியர் எதுவும் ஒழுங்காக நிற்காது. ஷிஃப்டர், கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுப்பு), செயின் மூன்றும் கூடவே மாற வேண்டும். செலவு முழுக்க அங்கேதான் போகிறது. ஆர்டியின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரே ஆறுதல், பத்து ஸ்பீடு கேசட் சக்கரத்தின் நடுவில் உள்ள பழைய ஒன்பது ஸ்பீடு ஹப்பிலேயே உட்காரும், சக்கரம் மாற்றத் தேவையில்லை. ஆசைப்பட்டு பன்னிரண்டு ஸ்பீடு டியோருக்குப் போனால் மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு வகை ஹப் வேண்டும், செலவு சக்கரம் வரை போகும். ஒன்பதிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு மைக்ரோஷிஃப்ட் நிறுவனத்தின் அட்வென்ட் ஒரு நல்ல வழி. ஒன்பது ஸ்பீடு, கிளட்ச் உண்டு, கேசட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு அதன் ஷிஃப்டரே வேண்டும். வளைந்த ஹேண்டில்பார் ரோடு வண்டி என்றால் டியோரை விட்டுவிட்டு ஜிஆர்எக்ஸ் பக்கம் பாருங்கள்; அங்கேயும் கேபிள் அளவு வேறு.

கேஜ் நீளத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. நீளமான கேஜ் கனமானது. அது ஆட ஆரம்பித்தால் நிறுத்துவதும் கஷ்டம். எவ்வளவு நீளம் தேவை என்பது ஒரு எளிய கணக்கு: முன்பற்களின் வித்தியாசம், பின்பற்களின் வித்தியாசம், இரண்டையும் கூட்டுங்கள். என் பழைய அமைப்பில் முன்னால் 46, 30 பல். பின்னால் 34, 11. பதினாறும் இருபத்து மூன்றும் சேர்ந்தால் 39. அதற்கு நீளக் கேஜ் தவிர வேறு வழியில்லை. முன்னால் 38 பல் உள்ள ஒரே சக்கரம், பின்னால் 11-42 என்று மாற்றியதும் கணக்கு 31-க்கு இறங்கியது. எம்6000 ஜிஎஸ் 35 வரை தாங்கும். ஏலகிரியின் பதினான்கு வளைவுகளுக்கு 42 பல் உதவுகிறது. சமதளத்தில் பின்னால் 11 பல்லில் போட்டு நிமிடத்துக்கு 90 மிதி மிதித்தால் மணிக்கு 40 கிலோமீட்டர் வரும், ஈசிஆருக்கு அது தாராளம். முன் பல்சக்கரத்தை நேரோ வைட் வகையில் போட்டேன். ஒரு பல் தடிமன், அடுத்தது மெலிசு என்று செயினின் இடைவெளிக்கு ஏற்ப இருக்கும். கிளட்ச்சோடு சேர்ந்து அது செயினைக் கவ்விக்கொள்கிறது.

மாற்றிய பிறகு அதே சுரண்டிய சாலையில் போனபோது முதலில் காதில் விழுந்தது மட்கார்டு ஸ்க்ரூ ஆடுகிற சத்தம். அதுவரை செயின் சத்தம் அதை மூடி வைத்திருந்திருக்கிறது. செயின் அடிப்பது முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெரிய பள்ளத்தில் விழுந்தால் ஒரு ‘டக்’ கேட்கத்தான் செய்கிறது. விடாமல் அடித்த சடசடப்பு போய்விட்டது. மாற்றியதிலிருந்து ஊருக்குள் செயின் கழன்று விழவே இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும்போது கேஜ் முன்னால் போக வேண்டும், கிளட்ச் அதைத் தடுக்கும், அந்தச் சுமை கட்டைவிரலுக்கு வரும். சிக்னலுக்கு சிக்னல் கியர் மாற்றும் ஓஎம்ஆரில் முதல் சில வாரம் விரல் வலித்தது. கேபிளும் அதன் உறையான அவுட்டரும் புதிதாகப் போட்டதும் சுமை பாதியானது. இன்னொன்று, பஞ்சருக்குப் பின்சக்கரத்தைக் கழற்றும் முன் நெம்புகோலை ஆஃப் செய்ய வேண்டும். தெரியாத கடைக்காரர் கேஜோடு மல்லுக்கட்டுவார், சொல்லிவிடுங்கள். சக்கரத்தை மாட்டியதும் ஆன் செய்யச் சொல்லுங்கள். பழைய சத்தம் திரும்பி வந்துவிட்டதே என்று பதறி என்னிடம் கேட்டவர்களில் பலருக்கு நெம்புகோல் ஆஃபில்தான் இருந்தது.

சென்னையில் கிளட்ச்சின் உண்மையான எதிரி ஐப்பசி, கார்த்திகை மழை. தேங்கிய தண்ணீரில் ஓட்டி, துடைக்காமல் நிறுத்தினால், உள்ளே இருக்கும் எஃகு ரோலரில் ஈரம் தங்கும். கூடவே கடற்காற்றின் உப்பு. அறிகுறி தெளிவாகத் தெரியும். பெரிய பல்லிலிருந்து சின்னதுக்கு இறக்கியதும் கேஜ் உடனே பின்னால் போகாமல் சோம்பி நிற்கும், அல்லது கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். ஷிமானோவின் நல்ல குணம், இதை நாமே திறக்கலாம். நெம்புகோலை ஆஃப் செய்து, மூடியின் சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பட்டையும் ரோலரும் கண்ணுக்குத் தெரியும். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு முதன்முறை திறந்தபோது கிரீஸ் காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. துணியால் துடைத்து, இதற்கென்று ஷிமானோ விற்கும் கிரீஸைக் கொஞ்சமாக வைத்து, ரப்பர் ஓரம் சரியாக உட்கார்ந்ததைப் பார்த்து மூடினேன். கேஜ் பழையபடி ஓடிப் போய் நின்றது. உராய்வைக் கூட்டவும் குறைக்கவும் உள்ளேயே ஒரு சின்ன போல்ட் இருக்கிறது. வருஷக்கணக்கில் ஓடித் தளர்ந்தால் துளித்துளியாகத் திருப்பி இறுக்கலாம். ஸ்ராமின் கிளட்ச்சை இப்படிச் சரிசெய்ய முடியாது. நம் ஊர் காற்றுக்கு ஷிமானோவை நான் தேர்ந்தெடுக்க இதுவே பெரிய காரணம். ஒரு வேண்டுகோள்: வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் கன்னை ஆர்டி பக்கம் காட்ட விடாதீர்கள்.

இத்தனை நாளில் ஜாக்கி வீல்கள் தேய்ந்து மாற்றியிருக்கிறேன். ஆர்டியைத் தாங்கும் ஹேங்கர் ஒருமுறை வளைந்து நிமிர்த்தினேன். கிளட்ச் இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. எம்6000 பழைய வரிசை என்பதால் இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. இது கைவிட்டால் டியோர் எம்5120 இருக்கிறது. பத்துக்கும் பதினொன்றுக்கும் பொருந்தும், கிளட்ச் உண்டு, என் ஷிஃப்டரையும் கேசட்டையும் மாற்றத் தேவையில்லை. ஆனால் அது நீளக் கேஜில்தான் வருகிறது. ஜிஎஸ் எங்காவது கண்ணில் பட்டால் ஒன்று வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.