ஊட்டி மலை ரயில்: ஏறுவதானால் மேட்டுப்பாளையத்திலேயே ஏறுங்கள்

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு டிக்கெட் ஏஜென்ட் "எங்கே ஏறினாலும் ஒரே ரயில்தான் சார்" என்று சொல்லி ஊட்டியிலிருந்து குன்னூருக்கு எடுத்துக் கொடுத்தார். டீசல் இன்ஜின், தேயிலைத் தோட்டம், கொஞ்சம் குளிர், இறங்கிவிட்டோம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் 2005-ல் யுனெஸ்கோ இதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும் அளவுக்கு என்ன இருக்கிறது என்று பிடிபடவில்லை.

இந்த முறை காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் ஏறியதும் பிடிபட்டது. கல்லாறு தாண்டினால் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் ஆரம்பிக்கின்றன, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது, 12 அடி நகர்ந்தால் 1 அடி உயரம் என்ற கணக்கில், குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு! இந்தியாவிலேயே வேறு எங்கும் இது கிடையாது. நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது, அதனால் முன்பெட்டி கிடைத்தால் விடாதீர்கள், கண்ணெதிரே வெறும் மலைதான். சாதாரணச் சக்கரங்களை ஓட்டிவிட்டு வரும் நீராவியை வீணாக்காமல் பல்சக்கரத்துக்கும் அனுப்புவது இந்த இன்ஜினை வடிவமைத்த சுவிஸ்காரர்களின் வேலைப்பாடு, நம் வீட்டுப் பாட்டிகள் அரிசி கழுவிய தண்ணீரை விடாத மாதிரி.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் வெளியே நின்றபடி வருகிறார். எங்கள் பெட்டிக்காரரின் ஒரு கை கொடியில், மறு கை பிரேக்கில், வளைவுக்கு வளைவு முன்பெட்டிக்காரரின் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜின் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் நாம் டீ குடிக்கலாம், கையில் இருப்பதைக் குரங்குக்குக் கொடுக்காமல் இருந்தால்.

குன்னூர் வரை 1899-ல் வந்த பாதை இது. பழைய இன்ஜின்கள் தேய்ந்தபோது அதே வடிவத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகச் செய்தார்கள். புது இன்ஜின் எப்படிப் பாரம்பரியமாகும் என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் அசலைவிட எனக்கு ஓடுகிற நகலே போதும்.

மேட்டுப்பாளையம் டிக்கெட் கிடைக்கவில்லையா? பத்தரை மணி வாக்கில் குன்னூர் ஸ்டேஷனில் போய் நில்லுங்கள். ஏறி வந்த நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுவார்கள், பிளாட்பார டிக்கெட் செலவோடு பார்த்துவிடலாம்.