கேம எபிசோடு எபிசோடா விடுறவங்களுக்கு இட்ச் டாட் ஐஓ எப்படி? ஒரு வருஷ அனுபவம்

நான் மன்னார்குடி, என் பிரெண்டு திருத்துறைப்பூண்டி. ரெண்டு பேருமே கேம் கம்பெனில வேலை பாக்குறவங்க இல்ல, நான் பகல்ல உரக்கடைல கணக்கு எழுதுறேன், அவன் ஸ்டுடியோல கல்யாண ஆல்பம் டிசைன் பண்றான், ராத்திரி பத்து மணிக்கு மேல உக்காந்து ஒரு கேம் பண்ணிட்டிருக்கோம். வெண்ணாத்துல தண்ணிய அளவா திறந்து விடுற ஒரு ரெகுலேட்டர், அங்க ஷட்டர ஏத்தி இறக்குற வேலை பாக்குற லஸ்கர்தான் ஹீரோ, எந்த வாய்க்காலுக்கு எப்ப தண்ணி விடுறதுன்னு நீங்க முடிவு பண்ணணும், அதுக்கேத்த மாதிரி கதை மாறும். மொத்தம் நாலு எபிசோடு, மூணு விட்டாச்சு, மூணையுமே இட்ச் டாட் ஐஓலதான் போட்டிருக்கோம், நம்மள மாதிரி ஆளுங்க பண்ற கேம விக்கவும் இலவசமா குடுக்கவும் இருக்குற சைட்டு அது.

முதல்ல காசு விஷயம். இட்ச்ங்கறது 2013ல லீஃப் கோர்கரன்ங்கறவர் ஆரம்பிச்ச சைட்டு. கேம் போட ஒரு பைசா கட்ட வேணாம். வித்தா சைட்டுக்கு எவ்வளவு பங்குன்னு நாமளே செட் பண்ணலாம், நாம மாத்தலன்னா 10 சதவீதம். விலைய பூஜ்யம்னு வச்சுட்டு, விருப்பப்பட்டவங்க குடுக்கட்டும்னும் விடலாம், நாங்க அப்படித்தான் வச்சிருக்கோம். ஸ்டீம்ங்கற பெரிய கேம் கடைல ஒரு கேம் போடவே 100 டாலர் கட்டணும், 1000 டாலருக்கு வித்தா அது திரும்பக் கிடைக்கும்தான், ஆனா முதல் எபிசோடு நல்லா வருமான்னே தெரியாத ஆளுங்களுக்கு அந்த 100 டாலரே பெரிய தொகை.

இதுக்கு முன்னாடி ஒரு இலவச ஃபைல் ஷேரிங் சைட்டுல போட்டு லிங்க வாட்ஸப்ல அனுப்பிட்டிருந்தோம், ஒரு வாரத்துல லிங்க் செத்துரும், "அண்ணே ஓப்பன் ஆவல"ன்னு மெசேஜ் வந்துகிட்டே இருக்கும். இப்ப ஒரே பக்கம், ஒரே லிங்க், புது எபிசோடு வந்தா அதே பக்கத்துல ஃபைல மாத்திட்டு டெவ்லாக்ல, அதாவது கேம் வேலை எப்படிப் போகுதுன்னு எழுதுற பகுதில, நாலு வரி எழுதுனா நம்மள ஃபாலோ பண்றவங்களுக்கு தகவல் போயிடும். எபிசோடா விடுறவங்களுக்கு இத விட என்ன வேணும்?

கேம் ஃபைல ஏத்துறதுக்கு பட்லர்னு ஒரு கமாண்ட் லைன் டூல், அதாவது கட்டளைய டைப் பண்ணி ஓட்டுற டூல் குடுக்குறாங்க, அத கண்டிப்பா கத்துக்கங்க. மொத்த ஃபைலையும் திரும்ப ஏத்தாம, எது மாறிச்சோ அத மட்டும்தான் ஏத்தும். நான் போன் ஹாட்ஸ்பாட்ல ஏத்துற ஆளு, ஒரு நாள் டேட்டாவே ஒன்றரை ஜிபி, அதனால இதோட அருமை எனக்கு நல்லாவே தெரியும். கம்ப்யூட்டர்ல இட்ச் ஆப் வச்சு விளையாடுறவங்களுக்கும் மாறுன பகுதி மட்டும்தான் இறங்கும். போன்ல விளையாடுறவங்களுக்கு அந்த வசதி இல்ல, அவங்க ஏபிகே ஃபைல, அதாவது ஆண்ட்ராய்டு போன்ல இன்ஸ்டால் பண்ற ஃபைல, முழுசா இறக்கணும்.

ஏபிகேன்னதும் ஒண்ணு சொல்லிடுறேன். நாங்க கேம் பண்றது ரென்பைங்கற சாஃப்ட்வேர்ல, கதை சொல்ற கேமுக்குன்னே உள்ளது. அதுல ஆண்ட்ராய்டு பில்டு எடுக்கும்போது ஒரு கீஸ்டோர் ஃபைல் உருவாகும், இந்த ஆப் நம்ம போட்டதுதான்னு காட்டுற முத்திரை மாதிரி, அடுத்த எபிசோடுக்கும் அதே கீதான் போடணும். நான் முதல் எபிசோடு விட்டதுக்கப்புறம் லேப்டாப்ப ஃபார்மேட் பண்ணிட்டேன், கீ போச்சு. ரெண்டாவது எபிசோடு பழைய ஆப் மேல இன்ஸ்டால் ஆவல, பழசத் தூக்கிட்டுப் போடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்ல வேண்டியதாப் போச்சு, தூக்குனா சேவ் எல்லாம் காலி. முதல் எபிசோடுல யாருக்கு தண்ணி விட்டாங்கங்கறதுதான் கேமே, அது போனா என்ன மிச்சம்? இப்ப அந்த ஃபைல் மூணு இடத்துல இருக்கு, அதுல ஒண்ணு தங்கச்சியோட பென்டிரைவ். அதே மாதிரி ரெண்டாவது எபிசோடுல புதுசா சேக்குற வேரியபிள் (விளையாடுறவங்க எடுத்த முடிவ கேம் ஞாபகம் வச்சுக்குற இடம்) எல்லாத்தையும் டீஃபால்ட்னு போட்டு எழுதுங்க, அப்பத்தான் பழைய சேவ லோடு பண்ணும்போது எரர் அடிக்காது. தமிழ்ல எழுத பயப்பட வேணாம், பழைய ரென்பைல கொம்பெல்லாம் இடம் மாறி நிக்கும், இப்ப எழுத்தக் கோத்துக் காட்டுற ஹார்ஃப்பஸ்ங்கறது உள்ள வந்ததுலேந்து எழுத்து ஒழுங்கா வருது. கேம் பண்ற இன்னொரு சாஃப்ட்வேரான கோடோட்டும் நாலாவது வெர்ஷன்லேந்து அப்படித்தான்.

முழுசா முடிச்சுட்டு ஒரே தடவையா விட வேண்டியதுதானேன்னு நிறைய பேரு கேட்டாங்க. எங்க மாமா கதைய சொல்றேன். அவரு முப்பது வருஷம் லஸ்கரா இருந்து ரிட்டயர்டு ஆனவர். முதல் எபிசோட போன்ல போட்டுக் குடுத்தேன், கண்ணாடிய மாட்டிகிட்டு திண்ணைல உக்காந்து பொறுமையா விளையாண்டாரு. ஒரு இடத்துல ஹீரோ ஒரே ஒரு ஷட்டர மட்டும் முழுசா தூக்கி தண்ணி விடுவான், அங்க வந்ததும் போன கீழ வச்சுட்டாரு. "மாப்ள, இது தப்பு. ஒரு கண்ண மட்டும் முழுசா தூக்குனா தண்ணி ஒரே இடத்துல அடிச்சு கீழ்ப்பக்கம் படுகைய அரிச்சுரும். எல்லாக் கண்ணையும் கொஞ்சம் கொஞ்சமா சமமா தூக்கணும், அப்பத்தான் ரெகுலேட்டர் நிக்கும்"னாரு, கையாலயே சுத்தியும் காட்டுனாரு. ரெண்டாவது எபிசோடோட முக்கியமான சீனே அதுலேந்துதான் வந்துச்சு: கடைமடைலேந்து ஆளுங்க வந்து இப்பவே திறங்கறாங்க, ஹீரோ ஒவ்வொரு கண்ணா, பத்து பத்து சுத்தா திறக்குறான், அவங்க கத்திகிட்டே நிக்குறாங்க. நாலையும் முடிச்சுட்டு விட்டிருந்தா இந்த சீன் வந்திருக்காது, தப்பு மட்டும் அப்படியே நின்னிருக்கும்.

ஆனா காக்க வைக்கிறது சின்ன விஷயம் இல்ல. எங்கள மாதிரியே பாகம் பாகமா வந்த கேமுங்களப் பாருங்க. மூணே பேரு சேந்து பண்ண கென்டக்கி ரூட் ஜீரோ 2013 ஜனவரில ஆரம்பிச்சு அஞ்சாவது பாகம் வர 2020 ஜனவரி ஆச்சு. டெல்டாரூன் முதல் சாப்டர் 2018, ரெண்டாவது 2021, மூணும் நாலும் 2025 ஜூன்லதான் வந்துச்சு. அவங்க மேல ஜனங்களுக்கு நம்பிக்கை இருந்துச்சு, காத்திருந்தாங்க. நம்ம பேரு யாருக்கும் தெரியாது. மேட்டூர் திறந்தாச்சுன்னு பேப்பர்ல வந்துரும், கடைமடைல இருக்கவனுக்கு தண்ணி வாய்க்கால்ல வந்தாத்தான் நிசம். அதனால நாங்க ரெண்டு முடிவு எடுத்தோம். ஒண்ணு, ஒவ்வொரு எபிசோடும் தனியா விளையாண்டாலும் ஒரு முழுக்கதையா முடியணும், நடுவுல தொங்கவிடக் கூடாது. ரெண்டாவது, அடுத்தது பாதி முடியாம தேதி சொல்லக் கூடாது.

புதுசா கேம் பண்ற பசங்களுக்கு தாராளமா இட்ச சொல்லுவேன். கூட்டம் தானா வரும்னு மட்டும் நெனைக்காதீங்க, எங்க கேம விளையாண்டவங்கள்ல முக்கால்வாசி பேரு வாட்ஸப்ல நாங்க அனுப்புன லிங்க்ல வந்தவங்கதான். பெரிய காசு எதுவும் வரல, வந்ததுல பிரெண்டுக்கு ஒரு டிராயிங் பேட் வாங்குனோம். நாலாவது எபிசோடு புயல் ராத்திரி, பாதி எழுதியாச்சு, இந்த ஞாயித்துக்கிழமை மாமாகிட்ட படிச்சுக் காட்டணும்.