அம்மாவின் காலுக்கும் என் மூக்குக்கும் ஒத்துவந்த பூனை

நீலா எங்கள் வீட்டுக்கு வந்து 14 மாதம் ஆகிறது. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் இனம், நீலம் ஓடிய சாம்பல் நிறம், வரும்போது 5 வயது. எனக்குப் பூனை அலர்ஜி உண்டு. என்னோடு இருக்கும் அம்மாவுக்கு 78 வயது, கையில் ஊன்றுகோல். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஓவர்போர்ட் பக்கம் நாலாம் மாடி ஃபிளாட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இப்படி ஒரு வீட்டுக்கு எந்தப் பூனை சரிப்படும் என்று ஏழு மாதம் அலைந்தேன். அந்த அலைச்சலையும், பிறகு கூட இருந்து பார்த்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். குட்டி வாங்கிய முதல் வாரத்தில் எழுதும் பாராட்டை நம்பி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

அப்பா போன பிறகு, டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்தில் இருந்த வீட்டைக் காலி செய்து அம்மாவை என்னிடம் அழைத்து வந்தேன். அங்கே கொல்லையில் எப்போதும் இரண்டு மூன்று பூனைகள் திரியும். அம்மா சிறுமியாக இருந்த மேகசின் பேரக்ஸிலும் அப்படித்தானாம். நகராட்சித் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். எந்தப் பூனை யாருடையது என்று கணக்கே கிடையாது. 1960களில் அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியபோது ஆயா ஒரு பூனையைக் கோணிப்பையில் போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை அம்மா இன்றும் சொல்வார். ஃபிளாட்டுக்கு வந்ததும் அதெல்லாம் நின்றுவிட்டது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்ப மூன்றரை மணி ஆகும். அதுவரை வீட்டில் டிவி சத்தம் மட்டும்தான். ஒரு நாள், "ஒரு பூனை இருந்தா பேச்சுத் துணைக்கு ஆச்சு" என்றார். எதையும் வாய்விட்டுக் கேட்கிறவர் இல்லை அம்மா. அதனால் அந்தப் பேச்சு எனக்குள் அப்படியே நின்றுவிட்டது.

ஆக, எனக்கு வேண்டியது இரண்டு. அம்மாவின் காலுக்குக் குறுக்கே பாயாத பூனை வேண்டும். என் மூக்கைப் பாடாய்ப் படுத்தாத பூனை வேண்டும். முதலாவதற்கு இனத்தைப் பார்த்தால் ஓரளவு விடை கிடைக்கும். இரண்டாவதற்கு இனத்தைப் பார்த்துப் பயனில்லை, அந்த ஒரு பூனையைத்தான் பார்க்க வேண்டும். இது எனக்குப் புரிவதற்குள் 2,500 ராண்ட் போய்விட்டது.

முதலில் நான் தேடிப் போனது சைபீரியன் குட்டி. "அலர்ஜியே வராத இனம்" என்று விளம்பரம் செய்திருந்தார்கள். போனில் பேசியதும் முன்பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். பார்க்கப் போன இடத்தில் 40 நிமிடம்கூட உட்கார முடியவில்லை. கண் இரண்டும் வீங்கி, மூக்கு ஒழுகி, தொண்டைக்குள் அரிப்பு. அது என் சேலையில் இருந்த வாசனைத் தைலத்தால் வந்தது என்று குட்டி விற்ற அம்மாள் சாதித்தார். பணம் திரும்ப வரவில்லை. சைபீரியன் மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த இனத்தில் அலர்ஜிப் பொருள் குறைவாகச் சுரக்கும் பூனைகள் இருக்கின்றன, நிறையச் சுரப்பவையும் இருக்கின்றன. இனத்தின் பெயரைச் சொல்லி உத்தரவாதம் கொடுத்ததுதான் தப்பு.

அதன் பிறகுதான் ஒழுங்காக அலர்ஜி டாக்டரிடம் போனேன். பரிசோதனைக்குச் சில நாள் முன்பிருந்தே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்துக் குத்திப் பார்த்ததில் பூனைக்கு 5 மில்லிமீட்டர் தடிப்பு, வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணிக்கு 9. மூன்று இருந்தாலே உடம்பு அந்தப் பொருளை எதிர்க்கிறது என்று அர்த்தம். டர்பன் ஈரக்காற்றில் சிற்றுண்ணிக்குக் கேட்கவே வேண்டாம். பூனையால் வருகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த தும்மலில் பாதி என் மெத்தையிலிருந்து வந்திருக்கிறது. மெத்தைக்கும் தலையணைக்கும் உறை போட்டு, அறையிலிருந்த கம்பளத்தை எடுத்த பிறகே பூனை பற்றிப் பேசலாம் என்றார். ஆஸ்துமா இருந்து, அதுவும் அடங்காமல் இருந்தால் பூனையே வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுவாராம். எனக்கு ஆஸ்துமா இல்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இருந்தால், முதலில் டாக்டரைப் பாருங்கள்.

அவர் விளக்கியதில் என் மனதில் தங்கியது இது: நாம் பூனை முடி என்று பழி சொல்கிறோம், உண்மையில் காரணம் ஃபெல் டி 1 என்ற புரதம். பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் அது ஊறுகிறது. பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது உடம்பெல்லாம் பூசப்பட்டு, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். சுவரிலும் துணியிலும் ஒட்டும். பூனை வீட்டை விட்டுப் போன பிறகும் பல மாதம் இருக்கும். முடியே இல்லாத ஸ்பிங்க்ஸ் பூனைக்கும் எச்சில் உண்டு, தோல் உண்டு, ஆகவே இந்தப் புரதமும் உண்டு. காயடிக்காத ஆண் பூனையிடம்தான் அதிகம். பெண் பூனையிடமும் கருத்தடை செய்த ஆணிடமும் குறைவு. ஒரே இனத்துக்குள்ளேயே பூனைக்குப் பூனை வித்தியாசம் மிகப் பெரியது.

சரி, அமைதியான இனம் எது? அடுத்தடுத்த மாதங்களில் பல வீடுகளுக்குப் போய்ப் பார்த்தேன். பர்மீஸ் பூனை அழகில் குறையே இல்லை, மனிதர்மேல் அவ்வளவு ஆசை. ஆனால் காலைச் சுற்றிச் சுற்றி வரும், ஓயாமல் பேசும். நான் போன வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே என் பாதத்தை விட்டு அது அகலவே இல்லை. அம்மாவின் ஊன்றுகோலை நினைத்தேன், வேண்டாம் என்று வந்துவிட்டேன். ரேக்டால் 1960களில் கலிஃபோர்னியாவில் உருவான இனம். தூக்கினால் துணிப் பொம்மை மாதிரி துவண்டு கிடக்கும். ஆனால் பெரிய உடம்பு, நீண்ட முடி, எந்நேரமும் மடி வேண்டும். மூட்டு வலிக்காரரான அம்மாவால் தூக்க முடியாது, என் மடியில் வந்தால் என் மூக்கு தாங்காது. பாரசீகப் பூனையைத் தினமும் சீவ வேண்டும். சப்பை முகத்தால் அது மூச்சு விடச் சிரமப்படுவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. ரஷ்யன் புளூ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மெல்லிய குரல், அடக்கமான நடை. ஆனால் புது ஆளைக் கண்டால் கட்டிலுக்கடியில் போய்விடும். காவடி, பொங்கல் என்றால் எங்கள் வீட்டில் உறவுக் கூட்டம் நிற்கும். அதைப் போட்டு வதைக்க வேண்டாம் என்று தோன்றியது.

பிரிட்டிஷ் ஷார்ட்ஹேரைப் பார்த்ததும் அம்மா சொன்னது: "இது பெரிய மனுஷி மாதிரி உக்காந்திருக்கே." அப்படித்தான் இருக்கும். வேகமாக ஓடாது. அநாவசியமாகக் கத்தாது. தூக்கினால் பிடிக்காது, இறங்கிப் போய் ஓர் எட்டு தள்ளி உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். மடிக்கு வரவில்லையே என்று பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். அலர்ஜிக்காரிக்கு இதைவிட நல்ல குணம் வேறு இல்லை. அம்மாவுக்குப் பேச்சுத் துணைக்கு ஓர் எட்டு தூரம் போதும்.

குட்டி வாங்கவில்லை. குட்டிக்கு 12,000 ராண்ட் கேட்டார்கள். அதைவிட முக்கியம், குட்டியின் குணமும் அதனிடம் சுரக்கும் அளவும் வளர்ந்த பிறகு எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஹில்கிரெஸ்ட் பக்கம் ஒரு வளர்ப்பாளர், குட்டி போடுவதை நிறுத்திய தாய்ப்பூனைகளுக்குக் கருத்தடை செய்து நல்ல வீடு பார்த்துக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். நீலா அப்படி ஓய்வு பெற்றவள். கருத்தடைச் செலவையும் சேர்த்து 3,500 ராண்ட். சதர்ன் ஆப்பிரிக்கா கேட் கவுன்சிலில் பதிந்த காகிதமும், சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்கான மரபணுப் பரிசோதனை முடிவும் கையில் கொடுத்தார். இந்த இனத்தில் இதயத் தசை தடிக்கும் நோயும் வரும் என்று நான் கேட்காமலே அவர் சொன்னதால்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

எட்டுப் பூனை இருக்கும் வீட்டில் உட்கார்ந்து ஒரு பூனைக்கு அலர்ஜி பார்க்க முடியாது. காற்றில் எட்டின் பொடியும் கலந்திருக்கும். அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். துவைத்த போர்வை ஒன்றை நான் கொடுத்தேன். நீலாவை மட்டும் ஒரு தனி அறையில் அந்தப் போர்வையோடு ஒரு வாரம் வைத்தார். போர்வையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரை போடாமல் என் சோபாவில் மூன்று மாலை விரித்து உட்கார்ந்தேன். முதல் நாள் நாலு தும்மல். இரண்டாம் நாள் மூக்கு லேசாக அடைத்தது. மூன்றாம் நாள் ஏழு தும்மல், கண் அரிக்கவில்லை. சைபீரியன் வீட்டு 40 நிமிடத்தோடு ஒப்பிட்டால் இது எனக்குப் பெரிய விஷயம். அப்புறம் தனி அறையில் நீலாவோடு ஒரு மணி நேரம் என்று இரண்டு முறை போய் இருந்தேன். அதற்குப் பிறகே சரி என்றேன்.

ஃபிளாட்டில் பூனை வைக்க நிர்வாகக் குழுவின் எழுத்து அனுமதி வேண்டும். அடுக்குமாடி வீடுகளுக்கான சட்டத்தோடு வரும் பொது விதியிலேயே இருக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் அவர்கள் மறுக்கவும் கூடாது. பூனை வருவதற்கு முன்பே கடிதம் கொடுத்து வாங்கிவிடுங்கள். எனக்கு மூன்று வாரம் ஆனது. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் இருப்பதால், வீட்டை விட்டே வெளியே போகாத பூனைக்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும்.

வீட்டு ஏற்பாட்டில் நான் விட்டுக்கொடுக்காதது ஒன்றுதான். என் படுக்கையறைக் கதவு நீலாவுக்கு எப்போதும் மூடியிருக்கும். நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் அங்கேதான் ஓடுகிறது. மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும் என்பதால் மூடிய கதவுதான் எனக்கு உண்மையான காவல். பால்கனியில் உட்கார்ந்து வாரம் இருமுறை சீவி விடுவது அம்மா. மணலை மாற்றுவது நான், முகக்கவசம் போட்டுக்கொண்டு. பூனையைக் குளிப்பாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். இரண்டு நாளில் பழைய அளவுக்கு வந்துவிடும், அதை ஏன் வதைக்கிறீர்கள் என்றார் டாக்டர்.

நாலாம் மாதத்தில் பியூரினா புரோ பிளான் லைவ்கிளியர் தீவனத்துக்கு மாற்றினேன். முட்டையிலிருந்து எடுத்த எதிர்ப்புப் பொருள் பூனையின் எச்சிலிலேயே ஃபெல் டி 1 புரதத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. பூனையின் முடியில் செயலோடு இருக்கும் அந்தப் புரதம் மூன்றாம் வாரத்திலிருந்து சராசரியாக 47 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. எனக்குக் காலைத் தும்மல் குறைந்தது உண்மை. ஆனால் அதே மாதம்தான் துணித் திரைச்சீலைகளைக் கழற்றி எறிந்தேன். எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் தொடர்கிறேன், மூக்குக்கு அடிக்கும் ஸ்பிரேயையும் தொடர்கிறேன்.

புரட்டாசி வந்தபோது ஒரு தயக்கம். அந்த மாதம் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி, முட்டை எதுவும் கிடையாது. பூனையோ மாமிசம் இல்லாமல் வாழ முடியாத பிராணி. அதில் கிடைக்கும் டாரின் இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். அம்மாதான் முடிவு சொன்னார்: "அதுக்கு முருகன் கொடுத்த சாப்பாடு அது." தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, சமையலறைக்கு வெளியே பால்கனியில் வைத்தோம். மூன்றாம் நாளே குரங்கு வந்து கிண்ணத்தோடு கொண்டுபோய்விட்டது. இந்த ஊரில் பால்கனியில் தீவனம் வைக்கவே கூடாது. இப்போது துணி துவைக்கும் மூலையில் வைக்கிறோம். பால்கனி முழுக்கக் கம்பிவலை அடித்தாயிற்று. திருட்டுக்குப் போடும் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே பூனை நுழைந்துவிடும். நாலாம் மாடியில் வலை கண்டிப்பாக வேண்டும்.

குறைகளும் உண்டு. அடர்த்தியான முடி, டர்பன் பிப்ரவரி வெயில். மதியமெல்லாம் குளியலறை ஓட்டுத் தரையில் மல்லாந்து கிடக்கிறாள், பார்க்கப் பாவமாக இருக்கும். வசந்தத்தில் கொட்டும் முடி கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஐந்து வாரம் நான் மாத்திரையும் சேர்த்துப் போட்டேன். ஓடியாடாததால் எடை ஏறுகிறது. 4.3 கிலோவில் வந்தவள் 4.9 ஆகிவிட்டாள். தீவனத்தை அளந்து போடச் சொன்னார் கால்நடை மருத்துவர். அம்மாவுக்கு அளக்க மனமில்லை.

நடக்கும் சத்தமே கேட்காததுதான் முதலில் எனக்குப் பயமாக இருந்தது. இருட்டில் அம்மாவின் காலடியில் வந்து நின்றால் என்ன செய்வது? என் சின்ன வயசுக் கொலுசிலிருந்து ஒரு மணியைக் கழற்றி, இழுத்தால் தானே அவிழும் கழுத்துப்பட்டையில் அம்மா கோர்த்துக் கட்டினார். மணி கேட்டால் ஊன்றுகோல் நிற்கும். இந்த 14 மாதத்தில் அம்மா ஒருமுறையும் தடுக்கி விழவில்லை.

போன மாதம் அந்த வளர்ப்பாளர் போன் செய்தார். நீலாவோடு ஒரே ஈற்றில் பிறந்த தங்கை ஓய்வு பெறுகிறாளாம், எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மறுபடி போர்வை கொடுத்து, மறுபடி சோபாவில் உட்கார்ந்தேன். இரண்டாம் மாலையே கண் சிவந்து இமை தடித்துவிட்டது. அதே தாய், அதே நிறம், அதே வீட்டில் வளர்ந்த பூனை. போர்வையை இரண்டு முறை துவைத்து மடித்து வைத்துவிட்டு, முடியாது என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் வருத்தம்தான்.