தம்மாம் – மனாமா பேருந்து: அவசரமில்லாதவர்கள் தாராளமாக ஏறலாம்

சவுதியின் கிழக்கு மாகாணத்தில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் பஹ்ரைன் போவதென்றால் பெரும்பாலும் நான்கு பேர் சேர்ந்து ஒரு காரைப் பிடித்துவிடுவார்கள், பேருந்தை யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. இரண்டிலும் போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கையில் நேரம் இருந்தால் பேருந்திலேயே போங்கள். காரில் தூங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம். இந்த இரண்டு நாடுகளும் ஒன்றை ஒன்று எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பது பேருந்தில் போனால்தான் கண்ணில் படும்.

முதலில் வண்டியைப் பற்றி. இருக்கை வசதியானது, அடியில் சாமான் வைக்க நிறைய இடம், ஏசி மட்டும் அளவுக்கு மீறி ஓடும் என்பதால் ஒரு சால்வை கையில் இருக்கட்டும். தம்மாமில் கிளம்பி அல் கோபாரில் ஆள் ஏற்றிக்கொண்டு, இரண்டு நாட்டையும் இணைக்கும் கடற்பாலமான காஸ்வேக்குப் போகிறது. வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள், வெயில் அடிக்கும், ஆனால் கடல் அந்தப் பக்கம்தான், இடப்பக்கம் உட்கார்ந்தால் எதிரே வரும் வண்டிகளைத்தான் பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஏறத்தாழ 25 கிலோமீட்டர் பாலம், 1986 நவம்பரில் திறந்தது. செலவை முழுக்க சவுதி ஏற்றுக்கொண்டது. அதுவரை பஹ்ரைன் தீவுக்குப் படகோ விமானமோதான்.

பாதி வழியில் பாலத்துக்கென்றே கட்டிய தீவு வரும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோபுரம், சோதனையெல்லாம் அங்கேதான். இதுதான் இந்தப் பயணத்தின் சிரமமான கட்டம். எல்லாரும் பெட்டியோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும், திரும்ப ஏற வேண்டும். யாராவது ஒருவருக்கு, சவுதியை விட்டு வெளியேறித் திரும்ப நுழைவதற்கான ரீ-என்ட்ரி அனுமதியில் சிக்கல் என்றால் வண்டி மொத்தமும் காத்துக்கிடக்கும். அறிவிப்பு எல்லாம் அரபியில்தான், ஓட்டுநர் சொல்வது புரியாமல் பின்சீட்டில் இருந்தவர்கள் முழித்ததைப் பார்த்தேன், இதை அந்த நிறுவனம் கட்டாயம் சரிசெய்ய வேண்டும், ஏறுகிறவர்களில் பாதிக்கு மேல் அரபி தெரியாத தொழிலாளிகள். ஆகவே கிளம்பும் முன்பே இக்காமா (சவுதி குடியிருப்பு அட்டை) தேதி, எக்ஸிட் ரீ-என்ட்ரி, பஹ்ரைன் இ-விசா மூன்றையும் பார்த்துவிட்டு, விசாவை அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள், போனை நம்பாதீர்கள்.

காத்திருக்கும் நேரத்தில் பக்கத்து வரிசைகளைக் கவனியுங்கள். வியாழன் மாலை என்றால் சவுதி நம்பர் பிளேட் கார்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கும். பஹ்ரைனில் மதுவுக்கு அனுமதி உண்டு, அது எல்லாருக்கும் தெரிந்த காரணம். ஆனால் 2018 வரை சவுதியில் சினிமா தியேட்டரே கிடையாது, குடும்பம் குடும்பமாகப் படம் பார்க்கவே இந்தப் பாலத்தைத் தாண்டினார்கள். தியேட்டர் திறந்துவிட்டதே, இனி யார் வரப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது, அப்படியும் கூட்டம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. விலையும் ஒரு காரணமாக இருக்கலாம், சவுதியில் வாட் 15 சதவீதம், பஹ்ரைனில் 10.

பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் இறங்கியதும் காசு மாற்ற ஓட வேண்டாம். பழைய கடைவீதியின் வாசலான பாப் அல் பஹ்ரைன் பக்கம் ஒரு கடையில் பத்து ரியால் தாளை நீட்டினேன், கடைக்காரர் அதை ஒரு தினாராகவே கணக்குப் பண்ணி மீதியை அந்த ஊர்ச் சில்லறையான பில்ஸாகக் கொடுத்தார். இரண்டு நாணயமும் டாலரோடு கட்டப்பட்டவை, டாலருக்கு 3.75 ரியால், 0.376 தினார், அதனால் பத்துக்கு ஒன்று என்பது கிட்டத்தட்ட சரியாக வந்துவிடுகிறது. இதே ஊரில் 1965 வரை புழங்கியது நம் ரூபாய். 1959-ல் வளைகுடாவுக்கென்றே ரிசர்வ் வங்கி தனி நோட்டு அடித்தது, அதற்குப் பதிலாகத்தான் தினார் வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எண்ணெய்க் கதை இன்னும் சுவாரசியம். வளைகுடாவின் அரபுக் கரையில் முதலில் எண்ணெய் கிடைத்தது சவுதியில் இல்லை, பஹ்ரைனில், 1932-ல், ஜெபல் துகானில். ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து, பஹ்ரைன் நம்பியிருந்த முத்துக்குளிப்பைச் சாய்த்துவிட்ட நேரம் அது. பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்ததைப் பார்த்துத்தான் அமெரிக்கக் கம்பெனி எதிர்க்கரையான சவுதிக்குப் போனது, தம்மாம் ஏழாம் எண் கிணறு 1938-ல் பொங்கியது. இப்போது நிலைமை தலைகீழ். பஹ்ரைன் பட்ஜெட்டைத் தாங்குவது அபு ஸஃபா என்ற கடல் வயல், அது சவுதி எல்லைக்குள் இருக்கிறது, 1958 ஒப்பந்தப்படி வருமானத்தில் பாதி பஹ்ரைனுக்கு. பஹ்ரைனின் சித்ரா சுத்திகரிப்பு ஆலைக்குக் கச்சா எண்ணெயில் பெரும்பகுதியும் சவுதியிலிருந்து குழாயில்தான் வருகிறது. 2018-ல் கடன் கழுத்தை நெரித்தபோது சவுதி, அமீரகம், குவைத் மூன்றும் சேர்ந்து 1,000 கோடி டாலர் உதவி அறிவித்தன.

இவ்வளவு கொடுக்கிறவர் சொல்லுக்கு அந்த வீட்டில் எடை இருக்கும் அல்லவா. 2011 மார்ச் 14 அன்று, மனாமாவில் மக்கள் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, பஹ்ரைன் அரசுக்குத் துணையாக சவுதி படைகள் வந்தது இதே பாலத்தின் வழியாகத்தான். சில நாட்களில் போராட்டக்காரர்கள் கூடியிருந்த முத்துச் சதுக்கத்தின் நினைவுச்சின்னத்தையே இடித்துவிட்டார்கள். சினிமாவுக்குப் போகும் குடும்பமும் படை வண்டியும் ஒரே சாலையில் போயிருக்கின்றன என்பது அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது மனதை என்னவோ செய்தது. பஹ்ரைனுக்கு இன்னொரு பாலமும் வர வேண்டியது: கத்தாரும் பஹ்ரைனும் உரிமை கோரிய ஹவார் தீவுகள் வழக்கு சர்வதேச நீதிமன்றம் வரை போய் 2001-ல் தீர்ப்பு வந்தது, பிறகு இரண்டு நாடுகளுக்கும் இடையே பாலம் கட்டுவதாக ஒப்பந்தமும் போட்டார்கள், அப்புறம் 2017-ல் உறவே முறிந்தது, 2021-ல் சமாதானம் ஆகியும் தூதரக உறவு திரும்பியது 2023-ல்தான். அந்தப் பாலத்தின் பேச்சு மட்டும் இன்னும் பேச்சாகவே இருக்கிறது.

சரி, யாருக்கு இந்தப் பேருந்து? தனியாகப் போகிறவர்களுக்கு நல்லது, காரில் ஒரு சீட்டுக்குப் பேரம் பேசும் தொல்லை இல்லை. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வேண்டாம், பெட்டியும் குழந்தையுமாக இறங்கி ஏறுவது கஷ்டம். விமானம் பிடிக்கப் போகிறவர்களும் இதை நம்ப வேண்டாம், சோதனை நடக்கும் தீவில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டணமும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பதால் முதல் நாளே நிலையத்தில் கேட்டுவிடுங்கள். வியாழன் மாலை போவதையும் சனி மாலை திரும்புவதையும் தவிர்த்து, வார நாளில் லீவு கிடைத்தால் காலை வண்டிக்கே சீட்டு எடுங்கள்.