லித்துவேனிய இரவுப் பேச்சு: மனப்பாடமா, வினைச்சொல்லா?

படுக்கப் போகும்போது சொல்ல முழு வாக்கியமாக மனப்பாடம் செய்வது சுலபம். ‘லாபோஸ் நக்தியேஸ்’ என்றால் இனிய இரவு. நெருங்கியவர்களிடம் சுருக்கமாக ‘லபனக்த்’ போதும். இங்கே ‘விரும்புகிறேன்’ என்ற வினை தொக்கி நிற்பதால் சொற்கள் வேற்றுமை ஏற்றுத் திரிகின்றன. தொடக்கத்தில் அந்த இலக்கணத்தைக் கிளறாமல் அப்படியே விழுங்கிவிடலாம்.

ஆனால் காலையில் இந்த வழி கைகொடுக்காது. நண்பரிடம் ‘காய்ப் மியெகோயாய்?’ (எப்படித் தூங்கினாய்?) என்பதைப் பெரியவரிடம் ‘மியெகோயோதே?’ என்று மரியாதையாக மாற்றவேண்டும். நம் தூங்கினாய், தூங்கினீர்கள் போலத்தான். அதற்கு ‘மியெகோதி’ (தூங்குதல்) என்ற வினையின் திரிபுகளைப் படிப்பதே சரி. ‘எய்னு மியெகோதி’, தூங்கப் போகிறேன், என்பதும் கூடவே வந்துவிடும்.

சுற்றுலாவுக்கு மனப்பாடம் தாராளம். லித்துவேனியக் குடும்பத்தோடு தங்குகிறவர் வினையில் தொடங்கலாம்.